கடிகாரத்தோடு போட்டியிட்டவர்

நுழையும்முன்

ஓடக்கூடாது, உடலை வருத்தக்கூடாது என்று மருத்துவர்களால் எச்சரிக்கப்பட்ட சிறுமி ஒருவர், பின்னாளில் மிதிவண்டி விளையாட்டில் தம் நாட்டின் முதலிடத்தைத் தொடர்ந்து 25 ஆண்டுகள் தம்மிடமே வைத்திருந்தார். பயிற்சியாளர் படையும் பெருஞ்செல்வமும் அவருக்கு வாய்க்கவில்லை. பகலில் பண்ணை வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் போட்டி என வாழ்ந்த பெரில் பர்ட்டனின் வரலாறு இப்பாடமாக அமைகிறது.

தனியாக ஓடும் போட்டி

மிதிவண்டிப் போட்டி என்றதும் நூறு பேர் ஒன்றாகப் புறப்பட்டு, ஒருவரையொருவர் முந்திச் செல்லும் காட்சியே நம் மனக்கண்ணில் தோன்றும். இங்கிலாந்தில் வளர்ந்த நேரப்போட்டி அத்தகையதன்று. வீரர்கள் ஒரு நிமிட இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக அனுப்பப்படுவர். குறித்த தொலைவை ஒவ்வொருவரும் தனியாகவே கடக்க வேண்டும். முன்னால் செல்பவரை எட்டிப் பிடித்துவிட்டாலும் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக் காற்றைத் தவிர்க்கக்கூடாது; விலகிக் கடந்து சென்றுவிட வேண்டும். இறுதியில் யார் முதலில் வந்தார் என்பதைவிட யார் குறைந்த நேரத்தில் வந்தார் என்பதே கணக்கு. சில போட்டிகளில் தொலைவுக்கு மாறாக நேரம் வரையறுக்கப்படும். 12 மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு ஓட்டினார் என்று அளப்பர்.

மிதிவண்டியில் விரைவாகச் செல்பவரின் ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றே விழுங்கிவிடுகிறது. கூட்டமாகச் செல்லும் போட்டியில் வலிமை குறைந்தவரும் பிறர் மறைவில் களைப்பாறிக்கொண்டு, கடைசி நூறு மீட்டரில் பாய்ந்து வென்றுவிட முடியும். நேரப்போட்டியில் அதற்கு வழியே இல்லை. அங்கே சூழ்ச்சிக்கு இடம் குறைவு. ஒருவருடைய உண்மையான வலிமை முழுமையாக வெளிப்பட்டுவிடும். உடலின் வேதனையும் அப்படியே. ஒதுங்க இடமின்றி அதை அவர் தனியாகத் தாங்கியாக வேண்டும்.

தெரிந்து தெளிவோம்
19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பொதுச்சாலைகளில் மிதிவண்டிப் பந்தயங்களுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. குதிரை வண்டிகள் மிரள்வதாகக் காவல்துறையினரிடம் முறையீடுகள் சென்றன. கூட்டப் பந்தயங்கள் கைவிடப்பட்ட நிலையில், எஃப். டி. பிட்லேக் என்பவர் 1895 அக்டோபர் 5 அன்று 50 மைல் நேரப்போட்டி ஒன்றை நடத்தினார். வீரர்கள் தனித்தனியே சென்றமையால் அது பந்தயமாகவே பிறர் கண்ணுக்குப் படவில்லை. போட்டிகள் விடியற்காலையில் நடந்தன. வீரர்கள் கழுத்துமுதல் கணுக்கால்வரை கறுப்புடை அணிந்தனர். போட்டி நடக்கும் சாலையின் பெயரை வெளியிடாமல் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளால் குறிப்பிட்டனர். இரகசியத்தின் தேவை மறைந்தபின்பும் குறியீடுகள் மறையவில்லை.

நோயும் தோல்வியும்

பெரில் 1937ஆம் ஆண்டு மே 12 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், லீட்ஸ் நகரை அடுத்த ஹால்டனில் பிறந்தார். அவருடைய குடும்பப்பெயர் சார்னாக். எளிய குடும்பம். அக்காலத்து இங்கிலாந்தில் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைப்பர். அதில் தேறியோர் உயர்கல்விக்கு வழிகாட்டும் பள்ளிகளுக்குச் செல்வர். தேறாதோருக்கு வேறு பள்ளிகள். ஒரு குழந்தையின் எதிர்காலத்தை ஒரே காலைப்பொழுதில் வகுத்துவிடும் அத்தேர்வில் பெரில் தேறவில்லை. அந்தத் தோல்வியின் காயம் நெடுநாள் அவரைவிட்டு நீங்கவில்லை.

அந்தப் பருவத்திலேயே வாதக்காய்ச்சல் அவரைத் தாக்கியது. தொண்டையில் தொற்றாகத் தொடங்கி, மூட்டுகளை வீங்கச் செய்து, இதயத்தின் தடுக்கிதழ்களையும் பழுதாக்கக்கூடிய நோய் அது. பல மாதங்கள் மருத்துவமனையிலும், அதன்பின் வீட்டைவிட்டுத் தொலைவிலுள்ள உடல்தேற்று இல்லத்திலும் சிறுமியின் நாள்கள் கழிந்தன. கடும் உடற்பயிற்சி கூடாது என்று மருத்துவர்கள் அறிவுறுத்தினர். இதயத்தைப் பற்றிய அந்த எச்சரிக்கை வெற்றுச் சொல் அன்று என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

பள்ளியைவிட்டு வெளியேறிய பெரில், லீட்ஸ் நகரத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சார்லி பர்ட்டன் என்னும் இளைஞரைச் சந்தித்தார். சார்லி மிதிவண்டிக் கழகத்தைச் சேர்ந்தவர். வார இறுதிகளில் நண்பர்களுடன் நெடுந்தொலைவு செல்பவர். அவர் வழியாகவே பெரிலுக்கு மிதிவண்டி அறிமுகமாயிற்று. 1955இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். 1956 தொடக்கத்தில் டெனிஸ் என்னும் மகள் பிறந்தார்.

முதலாண்டு மேட்டுச்சாலைகளில் மனைவிக்குச் சார்லி கைகொடுத்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டு அவர் மற்றவர்களோடு ஒத்து வந்தார். மூன்றாம் ஆண்டு எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு முன்னே போய்விட்டார். தம்மைக் காட்டிலும் மனைவியே திறமையாளர் என்பதைச் சார்லி விரைவிலேயே உணர்ந்துகொண்டார். தம்முடைய போட்டிகளை ஒதுக்கி வைத்துவிட்டு வண்டியைப் பழுதுபார்த்தல், குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல், போட்டியிடங்களுக்கு அழைத்துச் செல்லுதல், வழியில் உணவும் நீரும் எடுத்து நீட்டுதல் என அனைத்தையும் தாமே ஏற்றார். கணவர் களத்தில் நிற்க, மனைவி பின்னின்று உதவுவதே வழக்கம் என்றிருந்த 1950களில் இஃது எளிய செயலன்று. பெரிலின் வெற்றிகளைப் பேசுவோர் சார்லியைப் பேசாமல் செல்வது முறையாகாது.

பண்ணையும் பயிற்சியும்

லீட்ஸுக்கு அருகிலுள்ள மார்லி என்னும் சிற்றூரில் பர்ட்டன் குடும்பம் வாழ்ந்தது. மார்லி மிதிவண்டிக் கழகத்தின் உறுப்பினராகவே பெரில் தம் பெரும்பாலான போட்டிகளில் பங்கேற்றார். அக்கழகத்தின் மூத்த வீரர் நிம் கார்லைன், 24 மணி நேரப் போட்டிகளில் பெயர்பெற்றவர். அவருக்கு மார்லியில் ரூபார்ப் பண்ணை ஒன்று இருந்தது. அந்தப் பண்ணையில் பெரில் பல ஆண்டுகள் கூலிவேலை செய்தார்.

ரூபார்ப் என்பது புளிப்புச் சுவையுள்ள செந்நிறத் தண்டுகளைத் தரும் செடி. இனிப்புப் பண்டங்கள் செய்வதற்கு அத்தண்டுகளை ஆங்கிலேயர் பயன்படுத்துவர். அதனை விளைவிக்கும் முறை வியப்பானது. வெளி நிலத்தில் வளர்ந்த செடிகளின் கனத்த வேர்க்கட்டிகளை மண்ணோடு பெயர்த்து, ஒளி புகாத கொட்டகைகளுக்குள் கொண்டுசென்று அடுக்குவர். இருட்டில் ஒளியைத் தேடித் தண்டுகள் விரைந்து நீளும். மெழுகுத்திரி வெளிச்சத்தில் அவற்றைப் பறிப்பர். உறைபனிக் காலத்தில் வேர்க்கட்டிகளைத் தோண்டுவதும் சுமப்பதும் ஆண்களையே களைக்கச் செய்யும் வேலை. அதைத்தான் உலக வாகையர் ஒருவர் நாள்முழுதும் செய்துவிட்டு, மாலையில் மிதிவண்டியில் பயிற்சிக்குக் கிளம்பினார். இன்றைய விளையாட்டு வீரர்கள் உடற்பயிற்சிக் கூடங்களில் எடை தூக்கிப் பெறும் வலிமையை அவர் வயலில் பெற்றார் என்று சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கலாம். ஆயினும் அவர் பண்ணைக்குச் சென்றது வலிமை தேடியன்று. வீட்டுச் செலவுக்காகவே சென்றார்.

அக்காலத்தில் விளையாட்டில் பொருள் ஈட்டுவோர் தொழில்முறை வீரர் எனவும், பொருள் பெறாதோர் தொழில்முறை சாராத வீரர் எனவும் கண்டிப்பாகப் பிரிக்கப்பட்டனர். பெரிலுக்குத் தொழில்முறை வாய்ப்பும் வந்தது. அவர் ஏற்கவில்லை. தம் வாழ்நாள் முழுதும் தொழில்முறை சாராத வீராங்கனையாகவே நிலைத்தார். பணம் வாங்கிக்கொண்டு சாதனைகளுக்காக மட்டும் ஓட்டுவதைவிட, வாரந்தோறும் பிறரோடு போட்டியிடுவதே அவருக்கு வேண்டியதாயிருந்தது.

அடுக்கடுக்காய் வாகைகள்

தேசிய நேரப்போட்டி வாகைக்கான முதல் பதக்கம் 1957இல் கிடைத்தது. 100 மைல் போட்டியில் பெரில் இரண்டாமிடம் பெற்றார். மறு ஆண்டு 25 மைல் போட்டியில் முதலிடம் வந்தார். அதன்பின் பட்டியல் நீண்டுகொண்டே சென்றது. 1958 முதல் 1986 வரையிலான காலத்தில் 25 மைல் தொலைவில் 26 முறை, 50 மைலில் 24 முறை, 100 மைலில் 18 முறை தேசிய வாகை சூடினார். பெண்களுக்கான 10 மைல் வாகைப்போட்டி 1978இல்தான் தொடங்கப்பெற்றது. அப்போது அவருக்கு வயது 41. அதிலும் 4 முறை வென்றார். ஆக, தனிநபர் நேரப்போட்டிகளில் மட்டும் 72 தேசிய வாகைகள். சாலைப் பந்தயத்திலும் ஓடுகளத் துரத்தல் போட்டியிலும் பெற்றவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை 90ஐத் தாண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக மதிக்கத்தக்கது மற்றொன்று. 25, 50, 100 மைல் ஆகிய மூன்று தொலைவுகளிலும் ஓராண்டில் ஒருவர் காட்டிய சிறந்த வேகங்களின் சராசரியைக் கொண்டு, அவ்வாண்டின் சிறந்த முழுத்திறன் வீராங்கனை தேர்ந்தெடுக்கப்படுவார். குறுந்தொலைவில் மட்டும் வல்லவர் இதனைப் பெற இயலாது. நெடுந்தொலைவில் மட்டும் வல்லவரும் பெற இயலாது. 1959 முதல் 1983 வரை, ஓராண்டும் இடைவிடாமல் 25 ஆண்டுகள் இப்பட்டம் பெரில் பர்ட்டனிடமே இருந்தது. அவர் முதன்முறை பட்டம் பெற்றபோது பிறந்திராத பெண்கள், வளர்ந்து பெரியவர்களாகி அவருக்கு எதிரே நின்று தோற்றனர்.

அப்போதைய பெண்கள் எட்ட இயலாதவை என்று கருதப்பட்ட எல்லைகளை அவர் ஒவ்வொன்றாகக் கடந்தார். 25 மைலை ஒரு மணி நேரத்துக்குள் முடித்த முதல் பெண் அவரே. 1963இல் அது நிகழ்ந்தது. 50 மைலை 2 மணி நேரத்துக்குள்ளும், 100 மைலை 4 மணி நேரத்துக்குள்ளும் முடித்த முதல் பெண்ணும் அவரே. 1968இல் 100 மைலை 3 மணி 55 நிமிடம் 5 நொடிகளில் கடந்தார். 1976இல், 39 வயதில், 25 மைலை 53 நிமிடம் 21 நொடிகளில் முடித்தார். வீராங்கனைகள் பலர் ஓய்வுபெற்றுவிடும் வயதில் படைக்கப்பட்ட அச்சாதனை இருபது ஆண்டுகள் நிலைத்தது.

உலகக் களத்தில்

பெண்களுக்கான உலக மிதிவண்டி வாகைப்போட்டிகள் 1958இல் தொடங்கின. அடுத்த ஆண்டே பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நடந்த துரத்தல் போட்டியில் பெரில் தங்கம் வென்றார். ஓடுகளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இருவர் புறப்பட்டு ஒருவரையொருவர் துரத்தும் போட்டி அது. நேரப்போட்டியின் நெருங்கிய உறவு எனலாம். 1960இல் கிழக்கு ஜெர்மனியில் அவ்வெற்றியை மீண்டும் பெற்றதோடு, சாலைப் பந்தயத்திலும் உலக வாகையரானார். 1962, 1963, 1966 ஆகிய ஆண்டுகளிலும் துரத்தல் போட்டியின் தங்கம் அவருக்கே. 1967இல் நெதர்லாந்தின் ஹீர்லென் நகரில், கூட்டத்தைவிட்டுப் பிரிந்து தனியே சென்று இரண்டாம் முறையாகச் சாலைப் பந்தய உலகப் பட்டத்தை வென்றார். மொத்தம் 7 உலகப் பட்டங்கள்.

மிதிவண்டியைப் பெரிதும் போற்றும் ஐரோப்பிய நாடுகளில் அவர் பெயரை மக்கள் அறிந்திருந்தனர். சொந்த நாட்டில் நிலைமை வேறு. கால்பந்தும் கிரிக்கெட்டும் நிரம்பிய செய்தித்தாள்களில் அவருடைய வெற்றிகள் சிறு செய்திகளாயின. அரசு 1964இலும் 1968இலும் விருதளித்துச் சிறப்பித்தது உண்மையே. 1967இல் பிபிசி நிறுவனம் நேயர் வாக்குகளால் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமைகளுள் இரண்டாமிடமும் கிடைத்தது. எனினும் திங்கட்கிழமை காலையில் அவர் திரும்பிச் சென்றது ரூபார்ப் பண்ணைக்குத்தான்.

ஒலிம்பிக் களம் அவருக்கு வாய்க்கவே இல்லை. காரணம் அவருடைய திறமைக் குறைவன்று. 1896 முதல் ஆண்களுக்கு மிதிவண்டிப் போட்டிகளை நடத்திவந்த ஒலிம்பிக், பெண்களுக்கு 1984 வரை ஒன்றையும் நடத்தவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களுக்கான முதல் சாலைப் பந்தயம் நடந்தபோது பெரிலுக்கு வயது 47. அவர் வலிமையின் உச்சியில் இருந்த ரோம், டோக்கியோ, மெக்சிகோ நகர் ஒலிம்பிக் விழாக்கள் மூன்றும் அவரைத் தீண்டாமலே கடந்தன. எத்தனை தங்கங்கள் அவருக்குரியவையாய் இருந்திருக்கும் என்று கணக்கிடுவது வீண். போட்டியே இல்லாத இடத்தில் தோல்வியும் இல்லை. ஆனால் இழப்பு உண்டு.

பன்னிரண்டு மணி நேரம்

1967 செப்டம்பர் 17. ஹீர்லெனில் உலகப் பட்டம் பெற்று இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. ஓட்லி மிதிவண்டிக் கழகம் யார்க்‌ஷயர் சாலைகளில் 12 மணி நேரப் போட்டியை நடத்தியது. ஆண்கள் 99 பேர் ஒரு நிமிட இடைவெளியில் அனுப்பப்பட்டனர். அவர்களுள் கடைசியாகப் புறப்பட்டவர் மைக் மெக்னமாரா. அவ்வாண்டு ஆண்களின் முழுத்திறன் பட்டத்தை வென்ற பெருவீரர். அவருக்கு 2 நிமிடங்கள் கழித்துப் பெண்களின் போட்டி தொடங்கியது. முதலில் புறப்பட்டவர் பெரில்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் பட்டியல்கள் வேறு. சாலை மட்டுமே ஒன்று. ஆகவே பெரில் ஆண்களை வெல்ல வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மணிகள் செல்லச்செல்ல அவர் முன்னே புறப்பட்ட ஆண்களை ஒவ்வொருவராக எட்டிப்பிடித்துக் கடந்துகொண்டே சென்றார். மெக்னமாராவும் அன்று சாதாரணமாக ஓட்டவில்லை. அவர் ஆண்களின் தேசியச் சாதனையை முறியடிக்கும் வேகத்தில் சென்றுகொண்டிருந்தார். பெரிலுக்கு வயிற்று உபாதையும் இருந்தது. ஆயினும் இருவருக்குமிடையே இருந்த 2 நிமிடங்கள் சிறிதுசிறிதாகக் கரைந்தன. 200 மைலுக்கு மேல் ஓடியபின், நீண்ட சாலையின் கண்ணுக்கெட்டும் தொலைவில் மெக்னமாராவின் முதுகு தெரிந்தது.

அந்த நொடியில் பெரிலின் மனத்தில் எழுந்தது மகிழ்ச்சி மட்டுமன்று என்பர். நாட்டின் தலைசிறந்த வீரர் ஒருவரை, அவருடைய மிகச்சிறந்த நாளில், தாம் கடந்துசெல்லப் போகிறோம் என்பது அவரைச் சற்றே தயங்கச் செய்தது. அருகே சென்றதும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வழியில் உண்பதற்காகச் சட்டைப் பையில் அதிமதுர மிட்டாய்கள் வைத்திருந்தார். அவற்றுள் ஒன்றை எடுத்து மெக்னமாராவிடம் நீட்டினார். அவரும் நன்றி கூறிப் பெற்றுக்கொண்டார். பெரில் மிதித்துக்கொண்டு முன்னே சென்றார். மிதிவண்டி உலகில் இன்றளவும் மீண்டும்மீண்டும் சொல்லப்படும் நிகழ்ச்சி இது. அதைச் சிறுமைப்படுத்தும் செயலாக எவரும் கருதவில்லை. ஒரே வேதனையைத் தாங்கும் இருவருக்கிடையே நடந்த பரிமாற்றமாகவே கொண்டனர்.

12 மணி நேரம் முடிந்தபோது மெக்னமாரா 276.52 மைல் ஓடியிருந்தார். ஆண்களின் புதிய சாதனை அது. பெரில் ஓடியது 277.25 மைல். ஏறத்தாழ 446 கிலோமீட்டர். மணிக்குச் சராசரியாக 37 கிலோமீட்டருக்கும் மேல். ஆண்களின் சாதனையைவிட ஒரு பெண்ணின் சாதனை கூடுதலாக இருந்த அரிய நிலை அன்று தோன்றியது. 1969 வரை எந்த ஆணும் அத்தொலைவை எட்டவில்லை. பெண்களுள் அதனைக் கடக்க 2017 வரை, முழுதாக 50 ஆண்டுகள் ஆயின. இடையில் வண்டிகளின் எடை குறைந்தது. சக்கரங்களும் உடைகளும் காற்றைக் கிழிக்கும் வடிவம் பெற்றன. பயிற்சி முறைகள் அறிவியலாயின. அவற்றுள் எதுவும் இல்லாத வண்டியில், பண்ணைத் தொழிலாளி ஒருவர் படைத்த சாதனை அத்தனை மாற்றங்களையும் தாங்கி நின்றது.

தாயும் மகளும்

டெனிஸ் கைக்குழந்தையாயிருந்தபோதே பெற்றோருடன் போட்டியிடங்களுக்குச் சென்று வளர்ந்தவர். அவரும் வீராங்கனையானதில் வியப்பில்லை. 1972இல் உலகச் சாலைப் பந்தயத்துக்கான பிரிட்டிஷ் அணியில் தாயும் மகளும் ஒன்றாக இடம்பெற்றனர். 1975இல் டெனிஸ் உலகத் துரத்தல் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

1976இல் நடந்த தேசியச் சாலைப் பந்தயம் இக்குடும்பத்தின் கடினமான நாள். முன்னணியில் பிரிந்து சென்ற சிலருள் தாயும் இருந்தார், மகளும் இருந்தார். இறுதிப் பாய்ச்சலில் டெனிஸ் தாயை முந்தி வாகை சூடினார். மேடையில் மகளுக்குக் கைகொடுக்கப் பெரில் மறுத்துவிட்டார். முன்னணியைத் தக்கவைக்கத் தாமே காற்றைத் தாங்கி உழைத்ததாகவும், மகள் தமக்குரிய பங்கை ஆற்றவில்லை எனவும் அவர் எண்ணினார். பார்த்திருந்தோர் அதிர்ந்தனர்.

பெரிலைப் போற்றி எழுதுவோர் சிலர் இந்நிகழ்ச்சியைத் தவிர்த்துவிடுவர். தவிர்க்கத் தேவையில்லை. 18 வயதுப் பெண்ணாயினும் 80 வயது முதியவராயினும் எதிரே நிற்பவரை வென்றாக வேண்டும் என்னும் அதே வேட்கைதான் அவரை 12 மணி நேரம் மிதிக்க வைத்தது. அதற்கு இடம்பொருள் பார்க்கத் தெரியவில்லை. மகள் என்று பார்க்கவும் தெரியவில்லை. 1986இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் இதனை அவர் மறைக்கவில்லை. அன்று தாம் தாமாக இல்லை என்ற பொருளில் எழுதி வருந்தினார். தாய்க்கும் மகளுக்கும் இடையே விழுந்த பிளவு ஆறியது. 1982இல் இருவரும் இருவர் மிதிக்கும் ஒரே வண்டியில் ஏறி, பெண்களுக்கான 10 மைல் தேசியச் சாதனையைப் படைத்தனர்.

இறுதி நாள்கள்

1983இல் 25ஆம் முறையாக முழுத்திறன் பட்டம் பெற்றபின் அடுத்த ஆண்டு அது வேறொருவருக்குச் சென்றது. பெரில் விலகிக்கொள்ளவில்லை. 1986இல், 49ஆம் வயதில், 25 மைலிலும் 50 மைலிலும் மீண்டும் தேசிய வாகை சூடினார். அவையே அவருடைய கடைசித் தனிநபர் வாகைகள். அதன்பின்னும் போட்டிகளுக்குச் சென்றுகொண்டுதான் இருந்தார். வெற்றி வராதபோது அமைதியாய் இருக்க அவருக்குத் தெரியவில்லை. உடல் தளர்வதை ஏற்காமல் இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தார். ஓய்வெடுங்கள் என்று கூறியோர் சொல் எடுபடவில்லை. புகழின் உச்சியில் விலகியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றலாம். அவர் புகழுக்காக ஓட்டியிருந்தால் அப்படி விலகியிருப்பார்.

உலக வாகைப்போட்டிகளில் பெண்களுக்கான நேரப்போட்டி 1994இல்தான் சேர்க்கப்பட்டது. அவர் வாழ்நாளெல்லாம் ஆட்சி செய்த அந்தப் போட்டியில் உலகப் பட்டம் என்ற ஒன்றே அதுவரை இருந்ததில்லை. ஒலிம்பிக்கில் அது 1996 ஆகஸ்டில் அட்லாண்டாவில் முதன்முறையாக நடைபெற்றது. அதைக் காணப் பெரில் இல்லை.

அவ்வாண்டு மே மாதத்தில் அவருடைய 59ஆம் பிறந்தநாள் வரவிருந்தது. விருந்துக்கான அழைப்பிதழ்களை நண்பர்களின் வீடுகளுக்குத் தாமே கொண்டுசென்று கொடுக்க எண்ணினார். மே 5 அன்று அழைப்பிதழ்களை எடுத்துக்கொண்டு மிதிவண்டியில் கிளம்பினார். வழியில் இதயம் நின்றுபோயிற்று. சிறுவயதில் மருத்துவர்கள் அஞ்சிய அதே இதயம், அவர்கள் எச்சரித்தபின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவரைச் சுமந்திருந்தது.

மார்லியில் அவர் பெயரில் ஒரு பூங்கா உள்ளது. அதன் சுவரில் மிதிவண்டியில் விரையும் அவருடைய உருவம் பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஹாரகேட், நேர்ஸ்பரோ ஆகிய ஊர்களை இணைக்கும் மிதிவண்டிப் பாதைக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டுள்ளது. நடிகர் மேக்ஸின் பீக் அவருடைய வாழ்க்கையை முதலில் வானொலி நாடகமாகவும் பின்னர் மேடை நாடகமாகவும் எழுதினார். 2014இல் லீட்ஸ் நகரில் அது அரங்கேறியது. அவ்வாண்டு பிரான்சின் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயமான டூர் டி பிரான்ஸ் லீட்ஸிலிருந்துதான் தொடங்கிற்று. அதைக் காண யார்க்‌ஷயர் சாலைகளின் இருமருங்கிலும் திரண்டவர்களுள் பலர், அச்சாலைகளில் ஒருகாலத்தில் விடியற்பொழுதில் தனியே சென்ற பெண்ணின் பெயரை அந்த நாடகத்தின் வாயிலாகத்தான் முதன்முறையாகக் கேட்டிருந்தனர்.